ஏழாம் பக்கத்து மறுப்பு

நான் எழுதியதைப் படித்து யாரும் அழுததில்லை என்று நீண்ட நாள் பெருமையடித்துக்கொண்டிருந்தேன். யாரும் சிரித்ததும் இல்லை என்பது என் மனைவியின் கருத்து.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரிலிருந்து அடையாறு வரை சனிக்கிழமைதோறும் வீட்டு வாசலில் இலவசமாக வந்து விழும் பேட்டைப் பத்திரிகை ஒன்றில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். எட்டுப் பக்கம். வாடகைக்கு வீடு, வீணை வகுப்பு, மூட்டுவலித் தைலம், மாலை நேர டைப்ரைட்டிங் என்று ஆறு பக்கம் விளம்பரம். ஒரு பக்கம் கோயில் செய்தி. மிச்சமிருந்த ஏழாம் பக்கத்தில் பாதி என் நகைச்சுவைப் பத்திக்கு. அதன் தலையில் என் கேலிச்சித்திரம் இருக்கும். வரைந்தவர் மூக்கில் ஆரம்பித்து, இடம் போதாமல் மற்ற முகத்தை அதன் பின்னால் ஒளித்துவிட்டார். நான் வேலை பார்த்த பாண்டி பஜார் வங்கிக் கிளையில், கவுண்டருக்கு வருகிறவர்கள் செக்கை நீட்டிவிட்டு என் மூக்கையே பார்ப்பார்கள். பிறகு, “அது நீங்கதானே?” என்பார்கள். அதற்குமேல் எனக்குப் புகழ் கிடையாது.

பத்திரிகையின் ஆசிரியர், உரிமையாளர், விளம்பரம் பிடிப்பவர் ஆகிய மூவரும் ஒரே மொபெட்டில் போவார்கள், ஏனென்றால் மூவரும் ஒரே ஆள். அவருக்கு லஸ் பக்கம் ஒரு வக்கீல் நண்பர் இருந்தார். ஆரம்பத்திலேயே அவர் எங்களுக்கு ஒரு விதி போட்டுக் கொடுத்திருந்தார். நிஜ மனிதர்களை வைத்து எழுதினால் மூன்றை மாற்ற வேண்டும்: பேட்டை, தொழில், குடும்ப விவரம் ஒன்று.

“மூணையும் மாத்திட்டீர்னா, அவனே வந்து அது நான்தான்னு சொன்னாலும் நீர் இல்லேன்னு சாதிக்கலாம் ஓய்.”

இதை நான் ரசப்பொடிக் கணக்குப் போல் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். சட்டம் என்றாலே எனக்கு இந்த மூன்றுதான். இவற்றை மாற்றிவிட்டால் பேனா எங்கு வேண்டுமானாலும் மேயலாம் என்று நம்பினேன்.

அசோக் நகரில் என் சித்தி ஜாம், ஸ்க்வாஷ் போடக் கற்றுக்கொடுக்கும் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். சித்தப்பாவுக்கு உரக் கம்பெனியில் வேலை, மாதத்தில் இருபது நாள் டூர். அவர் ஊர் திரும்பினால் மறுநாள் மொட்டை மாடிக் கொடியில் பத்துப் பன்னிரண்டு சட்டைகள் கட்சி ஊர்வலம் மாதிரி ஆடும். அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது. ஆனால் சித்தியிடம் பயம். அவள் கோர்ட்டுக்குப் போகிற ஜாதி இல்லை, நேராக வீட்டுக்கு வருகிற ஜாதி. எனவே விதியை ஒழுங்காகப் பின்பற்றினேன். அசோக் நகரை மந்தைவெளி ஆக்கினேன். ஜாம் வகுப்பை வயலின் வகுப்பு ஆக்கினேன். மூன்றாவதாக, சித்தப்பா மாதாமாதம் திரும்பி வருகிறார் அல்லவா, அதை மாற்றி, திரும்பியே வராதவர் ஆக்கினேன். டூர் போன கணவர் போனவர்தான். மாமி மட்டும் திங்கட்கிழமைதோறும் அவருடைய சட்டைகளைத் துவைத்துக் கொடியில் போடுகிறாள், தெரு முழுக்க நம்புகிறது. எழுதி முடித்தபோது எனக்கே சிரிப்பு வந்தது. மாற்றி எழுதிய இடம்தான் அசலைவிட நன்றாக அமைந்தது என்று மனைவியிடம் சொன்னேன். அவள் படித்துவிட்டு, “பாவம்” என்றாள். நகைச்சுவை உணர்வு இல்லாதவள் என்று எண்ணிக்கொண்டேன்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. ஒன்று ஆசிரியருக்கு, ஒன்று எனக்கு. எனக்கு வந்தது வங்கி விலாசத்துக்கு, ரிஜிஸ்தர் தபாலில். மானேஜரே கொண்டுவந்து கொடுத்தார். கிளை முழுவதும் எழுந்து நின்று பார்த்தது. மந்தைவெளியில் இன்ன தெருவில் வசிக்கும் வயலின் ஆசிரியையான எங்கள் கட்சிக்காரரை, அவர் கணவர் கைவிட்டுப் போனதாகவும் அதை அவர் மறைத்து வருவதாகவும் இழிவுபடுத்தி எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் எல்லாரும் அவர்தான் என்று அடையாளம் கண்டுகொண்டார்கள். மாணவிகள் நின்றுவிட்டார்கள். அந்தக் கட்டுரை அவரைக் குறிப்பது அல்ல என்று, அவருடைய பெயர், விலாசத்தோடு, அதே பக்கத்தில் பெட்டி கட்டி மறுப்பு வெளியிட வேண்டும். பதினைந்து நாள் அவகாசம்.

மந்தைவெளியில் எனக்கு ஒரு பல் டாக்டரைத் தவிர யாரையும் தெரியாது.

ஆசிரியரும் நானும் வக்கீலிடம் போனோம். அவர் நோட்டீஸைப் படித்தார், பிறகு என் பத்தியைப் படித்தார், முதல் முறையாகச் சிரித்தார்.

“நோட்டீஸோட சேத்துப் படிச்சா நன்னாத்தான் இருக்கு ஓய்.”

“அவாளை எனக்குத் தெரியவே தெரியாது சார். என் சித்தியை வெச்சு எழுதினது” என்றேன்.

“கிரிமினல் கேஸ்னா அது பேசும். சிவில்ல பேசாது. படிச்சவா நாலு பேர் அவதான்னு நினைச்சாப் போறும். நீர் மனசுல யாரை வெச்சுண்டு எழுதினீர்ங்கறது உம்ம மனசோட போச்சு.”

ஆசிரியர் மெதுவாகக் கேட்டார். “ஒருவேளை அந்தம்மா விஷயத்துல அது நிஜமாவே இருந்துட்டா?”

“நிஜம்னா தப்பிச்சுடலாம்னு பாக்கறீரா? சிவில்ல தப்பிக்கலாம். கிரிமினல்ல நிஜம் மட்டும் போறாது, பொது நன்மைக்காகப் போட்டேன்னு காட்டணும். ஒரு பொம்மனாட்டி கொடியில சட்டை காயறதுல பொதுஜனத்துக்கு என்னய்யா நன்மை? போறாததுக்கு, ஒருத்தரைத் தனியா இருக்க விடணும்ங்கறதும் ஒரு உரிமைன்னு இப்ப சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு. பொய்னா இந்தப் பக்கம் மாட்டுவீர், நிஜம்னா அந்தப் பக்கம் மாட்டுவீர்.”

எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அவர் தொடர்ந்தார். “பயப்படாதேயும். அவளுக்கும் கஷ்டம்தான். கூண்டுல ஏறி, அது நான்தான்னு அவளே நிரூபிக்கணும். நிரூபிச்சா ஜெயிச்சுடுவா. ஜெயிச்சா ஊருக்கே தெரிஞ்சுடும்.”

வக்கீல் சிரித்தார். ஆசிரியர் சிரித்தார். நானும் சிரித்தேன். எதையும் மாற்றி எழுதுகிறவன் நான், இந்தச் சிரிப்பை மட்டும் இத்தனை வருஷத்தில் மாற்ற முடியவில்லை.

மறுப்பு போட்டுவிடலாம், காசா பணமா என்று முடிவாயிற்று. அதற்கு முன் விஷயம் நிஜமா என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரும்படி என்னை அனுப்பினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். தெருமுனையில் ஓர் இஸ்திரி வண்டி. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கரிப்பெட்டியைத் தூக்கி விசிறிக்கொண்டிருந்தார். வழி கேட்க வாயைத் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார்.

“பேப்பர்ல வர மூக்கு நீதானே சார்?”

மறுக்க வழியில்லை.

“எய்தறதெல்லாம் எய்திட்டு இப்ப இன்னா, வேடிக்க பாக்க வந்தியா?”

“அந்தம்மாவை எனக்குத் தெரியவே தெரியாதுப்பா. எல்லாம் கற்பனை.”

“கற்பனயா?” அவர் பெட்டியைக் கீழே வைத்தார். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். “நாலு சட்ட சார். எட்டு வருஷமா அதே நாலு சட்ட. காலர்ல அயுக்கு இருக்காது, கக்கத்துல வேர்வக் கற இருக்காது. தொவச்சுத் தொவச்சே நூலு பிஞ்சிக்கினு கீது. ஆளு போட்ட சட்ட எது, போடாத சட்ட எதுன்னு இஸ்திரி போடறவனுக்குத் தெரியாதா? மொத மாசமே எனக்குத் தெரியும். என் பொண்டாட்டியாண்ட கூட சொன்னதில்ல.”

அவர் பெட்டியை மறுபடி கையில் எடுத்தார்.

“இப்ப அந்தம்மா எனக்குத் துணி போடறதில்ல. எதுருல பாத்தா அந்தாண்ட ஓரமாப் போய்டறாங்க. நான்தான் உன்னாண்ட சொன்னேன்னு நெனச்சிக்கினு கீறாங்க. நீயே போய்ச் சொல்லு சார், நான் இல்லன்னு.”

“சொல்றேன்.”

“இப்பவே போ. மாடில கீறாங்க.”

மாடிப்படியில் இரண்டு ஜோடிச் செருப்புகள்தான் இருந்தன. முன்பு படி முழுக்க இருக்குமாம். உள்ளே இரண்டு சிறுமிகள் வாசித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் அந்த அம்மாள் அவர்களை அனுப்பிவிட்டார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நான் வரும் வழியில் தயாரித்த பொய்யை எடுத்துவிட்டேன்.

“என் பொண்ணுக்கு வயலின் கத்துக் குடுக்கணும் மாமி.”

“உங்களுக்குப் பொண்ணு கிடையாதே. ரெண்டும் பிள்ளைன்னு தீபாவளி இதழ்ல எழுதியிருந்தேளே.”

படியிறங்கிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன்.

“நான் உங்க பத்தியை ஒரு வாரம் விடாம படிக்கறவ” என்றார். “உக்காருங்கோ. யார் சொன்னா உங்களுக்கு?”

யாரும் சொல்லவில்லை என்றேன். சித்தி கதையைச் சொன்னேன், சித்தப்பாவின் டூரைச் சொன்னேன், மூன்று மாற்றத்தையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“அசோக் நகர் மாமா மாசாமாசம் ஆத்துக்கு வந்துடறார். வராதவரைப் பத்தி உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?”

“தெரியாது மாமி. ஒரு தமாஷுக்கு...”

“தமாஷுக்கு.” அவர் என் சொல்லைத் திருப்பிச் சொன்னார். “இஸ்திரிக்காரர்தானே?”

“சத்தியமா இல்லை. அவர் ஒரு வார்த்தை பேசலை.”

“அப்ப அவருக்கும் தெரியும்.”

கீழே இஸ்திரிக்காரர் எனக்குக் கொடுத்தனுப்பிய ஒரே வேலையை அந்த இடத்தில் கெடுத்தேன். பேச வாயெடுத்தால் இன்னும் கெடுத்துவிடுவேன் என்று பயந்து பேசாமல் இருந்தேன். அதுவும் ஒப்புக்கொண்டது போல ஆயிற்று.

அவருக்கு என் மன்னிப்பில் அக்கறை இல்லை. வேண்டியது ஒன்றுதான்: மறுப்பு வரக்கூடாது. நோட்டீஸ் அனுப்பியது டில்லியில் இருக்கும் அண்ணா. யாரோ பத்தியை வெட்டித் தபாலில் அனுப்பியிருக்கிறார்கள். கணவர் விசாகப்பட்டினத்தில் வேலை பார்க்கிறார், சனி ஞாயிறு வந்து போகிறார் என்று தெரு நம்பியது போலவே அண்ணாவும் நம்பிக்கொண்டிருந்தார். குடும்ப மானம் என்று குதித்து, தங்கையின் பெயரில் வக்கீலைப் பிடித்துவிட்டார். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்.

“பத்தியில பேர் இல்லை. அதனால பாதி பேருக்குச் சந்தேகம், மீதி பேருக்கு அதுவும் இல்லை. நாலு வாரத்துல மறந்துடுவா. நான் அது இல்லேன்னு என் பேரைப் போட்டு எழுதினேள்னா, அடையாறு வரைக்கும் எல்லாரும் படிப்பா. வீட்டுச் சொந்தக்காரர் அடையாறுலதான் இருக்கார். குடும்பம்னு நம்பித்தான் இந்த இடத்தைக் குடுத்தார். இது போயிட்டா, தனியா இருக்கறவளுக்கு இந்தப் பக்கத்துல யார் வீடு குடுப்பா? வகுப்பை எங்கே வெச்சு நடத்தறது?”

“மறுப்பு வராது மாமி. நான் பாத்துக்கறேன்” என்றேன். என் வாக்குறுதிக்கு என்ன மதிப்பு என்று அப்போது எனக்கே தெரியாது. அவர் தெரிந்துகொண்டார் போலிருக்கிறது, தலையை மட்டும் அசைத்தார்.

வக்கீல் கையை விரித்தார். “நோட்டீஸ் எழுத்துல வந்திருக்கு. வேண்டாம்கறது உம்ம காதுல சொன்னது. நாளைக்கு அண்ணா கேஸ் போட்டா உம்ம காதை எக்ஸிபிட்டா மார்க் பண்ண முடியுமா? எழுதி வாங்கிண்டு வாரும்.”

அவரே டைப் அடித்துக் கொடுத்தார். மேற்படி கட்டுரையில் வரும் பெண்மணி நான் அல்ல. என் கணவர் என்னுடன் இல்லறம் நடத்தி வருகிறார். எனவே எனக்கு மறுப்பு எதுவும் தேவையில்லை. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

எடுத்துக்கொண்டு போனேன். அந்த அம்மாள் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

“நடுவுல இருக்கற வரியை எடுத்துடுங்கோ, போடறேன்.”

“ஒரு வரிதானே மாமி. யார் பாக்கப் போறா? ஃபைல்லேயே இருக்கும்.”

“எட்டு வருஷமா வாயால சொல்லிண்டிருக்கேன். கையெழுத்துப் போட்டுச் சொன்னதில்லை. ரேஷன் கார்டுலகூட அவர் பேரை எடுத்துட்டேன்.”

மறுபடி லஸ்ஸுக்கு ஓடினேன். அந்த வரி இல்லாவிட்டால் காகிதத்தில் மிச்சம் என்ன இருக்கிறது என்று வக்கீல் கேட்டார். நடுவரியை எடுத்தால் நமக்குப் பாதுகாப்பு இல்லை, வைத்தால் அவருக்குச் சம்மதம் இல்லை. லஸ்ஸுக்கும் மந்தைவெளிக்கும் மூன்று தடவை நடந்தேன். மறுப்புப் போட்டால் பத்தியை நிறுத்திவிடுகிறேன் என்று ஆசிரியரை நான் மிரட்டியிருக்கலாம். அவர் சரி என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் மிரட்டவில்லை. எனக்கு அந்த மூக்கு பிடித்திருந்தது.

பதினைந்து நாள் முடிந்தது. வெள்ளிக்கிழமை அச்சகத்தில் பார்த்தேன். என் பத்திக்குக் கீழே, இரங்கல் செய்திக்குப் போடுவது போல் கனத்த கறுப்புக் கட்டம். உள்ளே அவர் பெயர், கதவு எண், தெரு. இன்னாரையோ அவருடைய கணவரையோ அக்கட்டுரை எவ்விதத்திலும் குறிப்பது அல்ல. கணவரையோ என்ற சொல்லை யாரும் கேட்கவில்லை. வக்கீல் தாமாகச் சேர்த்தது.

அப்போதுதான் என் வாழ்நாளின் மிகச் சிறந்த யோசனை எனக்கு வந்தது. சனிக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக இரண்டு துணிப்பைகளோடு அந்தத் தெருவுக்குப் போனேன். பத்திரிகை போடுகிறவர் முன்னால் வீசிக்கொண்டே போனார், நான் பின்னால் பொறுக்கிக்கொண்டே போனேன். எழுத்துச் சுதந்திரம் பற்றி இலக்கியக் கூட்டத்தில் கைதட்டியவன், சொந்தப் பத்திரிகையைப் பறிமுதல் செய்தேன். பத்து வீடு ஒழுங்காக முடிந்தது. பதினோராவது வீட்டு வாசலில் பனியனோடு ஒரு பெரியவர் பால் பாக்கெட்டுக்காக நின்றிருந்தார்.

“யாருய்யா அது? எங்காத்துப் பேப்பரை எதுக்கு எடுக்கறே?”

“அச்சுப் பிழை சார். திருப்பி வாங்கிண்டு போகச் சொன்னா.”

“பிழையா? எந்தப் பக்கம்?”

“ஏழாம் பக்கம்.”

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. உண்மை பேசுகிற வழக்கம் எனக்கு இருந்ததே இல்லை. மூன்றாம் பக்கம் என்றிருந்தால் அவர் தைல விளம்பரத்தில் பிழை தேடிக்கொண்டிருப்பார். அவர் என் பையிலிருந்து ஒன்றை உருவினார், ஏழாம் பக்கத்தைப் பிரித்தார், கண்ணாடி இல்லாததால் கட்டத்தை உரக்க, எழுத்துக் கூட்டிப் படித்தார். எதிர்வீட்டுக் கதவு திறந்தது. “என்ன மாமா, திருடனா?” என்று இரண்டு பேர் வந்தார்கள். வந்தவர்கள் ஆளுக்கு ஒரு பிரதியை என் பையிலிருந்து எடுத்துக்கொண்டார்கள். யாரும் படிக்காமல் அலமாரியில் விரித்திருக்கக்கூடிய பத்திரிகையை ஒரு தெரு நின்று படித்தது.

மாடியில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்தாரா, கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்தாரா, தெரியாது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அடுத்த வாரம் வீட்டுச் சொந்தக்காரர் வந்தாராம். குரலை உயர்த்தவில்லையாம். சார் ஊரிலிருந்து வந்ததும் வரச் சொல்லுங்கோ, நேரில் பேசிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். மாதம் முடிவதற்குள் அந்த அம்மாள் காலி செய்துவிட்டார். இனிமேல் கேஸ் வராது என்று வக்கீல் ஃபைலைக் கட்டி மேலே போட்டார். ஆசிரியர் அந்த வாரப் பத்தியைக் கேட்டார். என் கடைவாய்ப் பல்லைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். நன்றாக வந்திருப்பதாகச் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து அந்தத் தெருவுக்குப் போனேன். புது விலாசம் தெரிந்தால் போய் ஒரு வார்த்தை சொல்லலாம் என்று எண்ணம். என்ன வார்த்தை என்று எனக்குத் தெரியாது. இஸ்திரிக்காரரைக் கேட்டேன்.

“எனக்கு இன்னா தெரியும் சார். வண்டி வந்துச்சு, சாமான ஏத்துனாங்க. நான் கூட போய் ஒரு கை பிடிச்சேன். வேணாம்னுட்டாங்க. எட்டு வருஷம் சார். போம்போது இந்தப் பக்கம் திரும்பிக்கூட பாக்கல.” பெட்டியை ஒரு வேட்டியின் மேல் நிதானமாக ஓட்டினார். “நீ சொன்னியா, நான் இல்லன்னு?”

“சொன்னேன்.”

“நம்புனாங்களா?”

அவர் வேட்டியை மடித்து வைத்துவிட்டு அடுத்ததை உதறினார்.

“இங்கேயும் நாலு வூட்ல துணி போடறத நிறுத்திட்டாங்க சார். வூட்டு விசயத்த வெளில சொல்றவன்னு. அந்தம்மாக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு போடேன். கட்டம் கட்டி. இன்னார் சொல்லலன்னு. என் பேரு போட்டே போடு, எனக்கு ஒண்ணும் இல்ல.”

யார் சொல்லவில்லை, எதைச் சொல்லவில்லை, யாரைப் பற்றிச் சொல்லவில்லை என்று அந்தக் கட்டத்துக்குள் எழுத வேண்டியதை எல்லாம் மனதுக்குள் எழுதிப் பார்த்தேன். இரண்டாவது வரியிலேயே அந்த அம்மாள் வந்துவிட்டார்.

“ஆசிரியரைக் கேட்டுச் சொல்றேன்” என்றேன்.

“கேளு சார். மறந்துடாத.”

கேட்கவில்லை. மந்தைவெளிப் பல் டாக்டரிடம் போவதையும் நிறுத்திவிட்டேன்.